காவல் நாயைக் கட்டச் சொன்ன மென்பொருள்

கதிர், ஈப்போ ஆஸ்பத்திரியில் உனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று தெரிந்த நாளிலிருந்து நம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எல்லோரும் என்னை நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "என்னக்கா, ஒங்க மவன் டாக்டராயிட்டாராமே?" இல்லை என்கிறேன். பிறகு என்ன வேலை என்று கேட்கிறார்கள். அங்கே இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு எல்லாம் காவல் என்கிறேன். "ஓ, ஜாகா வேலையா? கேட்டுல நிக்கணுமா?" என்று சிலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. எனக்குக் கோபம் வருவதில்லை, சிரிப்புதான் வருகிறது. உன் காவல் எப்படிப்பட்டது என்று இந்த மலையிலேயே முதலில் பார்த்தவள் நான்தானே. அதை உன்னிடம் நேரில் சொல்ல நினைத்தால், நீ கைப்பேசியைப் பார்த்தபடியே "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாய். புகழ்ந்தால் உனக்குக் கூச்சம். அதனால் எழுதுகிறேன். கோயில் ஆண்டு மலரில் போட ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இதையே கொடுக்கலாம் என்றிருக்கிறேன். மற்ற தாய்மார்களும் படிக்கட்டும். நீ கூச்சப்பட்டால் பட்டுக்கொள்.

படிக்கப் போகிறவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்த புதிதில் நான் கொழுந்து எடுத்தேன். முதுகு வலி வந்த பிறகு ஆயாக் கொட்டகைக்கு மாற்றினார்கள். காலையில் தாய்மார்கள் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும் முன், கண் விழிக்காத பிள்ளைகளைச் சால்வையில் சுற்றிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்துவிட்டு மலையேறிவிடுவார்கள். மாலை வரைக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு நான்தான் எல்லாம். கொட்டகைக்குப் பின்னால் சுவரிலிருந்து நாலு எட்டில் சரிவு ஆரம்பிக்கும். அதற்கு மேலே தேயிலை, அதற்கும் மேலே லோரி போகும் மண்சாலை. பல வருஷம் அந்தச் சரிவை நான் ஒரு சுவர் மாதிரிதான் நினைத்திருந்தேன். லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் வந்த வருஷத்துக்குப் பிறகுதான் மண் என்பது நின்ற இடத்திலேயே நிற்கும் சாமான் இல்லை என்று எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து மழை பெய்தால் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு நான் பின்பக்கம் போய்ப் பார்ப்பேன். இது ஒரு வியாதி மாதிரி என்று நீயே கேலி செய்திருக்கிறாய்.

அப்படிப் பார்க்கப் போன ஒரு நாள்தான் தேயிலைச் செடிகளுக்கு நடுவே தரையில் ஒரு பிளவைக் கண்டேன். விரல் நுழையும் அளவுதான். கங்காணியிடம் சொன்னேன், அவர் மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் நல்ல மனிதர். வந்து பார்த்தார். "எப்போதிலிருந்து இருக்கிறது? பெரிதாகிறதா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று மாலை உன்னிடம் அதைச் சொன்னபோது, உன் பழைய கேமராவை எடுத்து, தேதி விழுகிற மாதிரி சரி செய்து, என் கையில் கொடுத்தாய். "வாரா வாரம் ஒரே எடத்துல நின்னு எடுங்கம்மா. பக்கத்துல அளவு தெரியிற மாதிரி ஏதாச்சும் வைங்க" என்றாய். பிள்ளைகள் கோடு போட்டு விளையாடும் மஞ்சள் பிளாஸ்டிக் அடிக்கோலைப் பிளவின் குறுக்கே வைத்து எடுத்தேன். மழைக்காலம் முழுவதும் எடுத்தேன். விரல் நுழைந்த இடத்தில் பிறகு கை நுழைந்தது.

அப்போதுதான் கம்பெனித் தலைமையகத்திலிருந்து ஒரு எஞ்சினியர் வருகிறார் என்ற செய்தி வந்தது. தோட்டத்தில் பயமுறுத்துகிற சரிவுகள் பல இருந்தன. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு, எதற்கு முதலில் வேலை நடக்க வேண்டும் என்று அவர் முடிவு சொல்வார். "ஒங்க படத்தையெல்லாம் கொண்டாங்க ஆயா, அதக் காட்டித்தான் பேச முடியும்" என்று மேனேஜர் சொல்லியனுப்பினார். அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது என்று கங்காணி ஏற்கனவே ஆட்களை வைத்துப் பிளவில் மண் நிரப்பி, மேலே நீலக் கித்தான் விரித்து மூடியிருந்தார். செய்தது சரிதான். ஆனால் இப்போது வந்து பார்க்கிறவருக்கு ஒரு கித்தான்தான் தெரியும். அதற்கடியில் மண் எப்படி வாய் பிளந்தது என்பது என் கேமராவுக்குள் மட்டும்தான் இருந்தது.

எஞ்சினியர் வியாழக்கிழமை வருவதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை மாலை, படங்களை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று கேமராவை எடுத்தேன். எந்தப் பொத்தானைத் தொட்டேனோ, திரையில் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. கீழே 'யெஸ்', 'நோ' என்று இரண்டு. அந்த இரண்டும் எனக்குத் தெரிந்த சொற்கள். மேலே இருந்ததுதான் தெரியாத சொல். கேட்கிறது என்றால் நல்லதுக்குத்தான் கேட்கும் என்று நினைத்து 'யெஸ்' அழுத்தினேன். அதன் பிறகு பார்த்தால் ஒரு படமும் இல்லை. கேமராதான் கெட்டுவிட்டதோ என்று கொட்டகை வாசலை இரண்டு படம் எடுத்துப் பார்த்தேன். அந்த இரண்டு மட்டும் இருந்தன.

நீ, அப்போது வேலை பார்த்த பிரிஞ்சாங் கம்ப்யூட்டர் கடையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து மழைக் கோட்டைக் கழற்றும் முன்பே அழுதுகொண்டு சொன்னேன். நீ திட்டவில்லை. கேமராவை வாங்கினாய், மெமரி கார்டை வெளியே எடுத்தாய், அதன் ஓரத்தில் இருந்த ஒரு சின்னப் பூட்டை நகத்தால் தள்ளினாய். "இனிமே இதுல ஒண்ணும் எழுதாது. ஒரு படங்கூட எடுக்கக் கூடாதும்மா. அழிஞ்ச மாதிரிதான் தெரியும், பாதிக்கு மேல உள்ளதான் இருக்கும். மேல மேல எதையாச்சும் எழுதினாத்தான் உண்மையிலே போயிரும்" என்றாய். உன் குரலில் அவசரமே இல்லை. எனக்கு அது ஆறுதலாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

அந்த நேரத்தில்தான் உன் சேகர் மாமா வந்தான். என் தம்பி சேகர், கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவன், அக்கா அழுதால் தாங்க மாட்டான். விஷயத்தைக் கேட்டதும் கைப்பேசியை எடுத்துக்கொண்டு உன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"மாப்ள, இதுக்குப் போயா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கீங்க? எங்க லோரி குருப்புல ஒருத்தன் ஒரு சாமான் அனுப்பியிருக்கான்லா. அழிஞ்ச போட்டோவெல்லாம் தன்னால திரும்பி வந்துருமாம். கடையில காசு குடுத்து வாங்குறது, இது ஓசி. லேப்டாப்புல போடு, சோறு திங்கிறதுக்குள்ள முடிஞ்சிரும்."

"அவருக்கு யாரு மாமா அனுப்புனது?"

"வேற குருப்புலேருந்து வந்திருக்கும். நல்ல பையன்லா அவன், பொய் சொல்ல மாட்டான்."

"அவரு பொய் சொல்லலை மாமா. இதச் செஞ்சவன் யாருன்னு கேக்குறேன்."

நீ அந்தப் பக்கத்தை உன் கைப்பேசியில் படிக்க மட்டும் திறந்தாய். கீழே எப்படிப் போடுவது என்று எழுதியிருந்ததை எங்களுக்குத் தமிழில் சொன்னாய். முதல் வேலையாகக் கணினியின் வைரஸ் காவலை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் இது வேலை செய்யாது. அதைச் சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாய். "அம்மா, ஒரு ஆளு வீட்டுக்கு வர்றான். உள்ள வரதுக்கு முன்னாடி, மொதல்ல ஒங்க காவல் நாயக் கட்டிப் போடுங்கன்னு சொல்றான். நீங்க விடுவீங்களா?"

சேகர் சிரித்துவிட்டான். நான் சிரிக்கவில்லை. என் கண் முன்னால் அந்தச் சரிவு மட்டும்தான் இருந்தது. நான் கத்தியது உனக்கு ஞாபகம் இருக்கும். "அங்க தெனமும் பிள்ளைங்க தூங்குதுடா! வியாழக்கெழம அந்த எஞ்சினியரு வந்து கித்தானப் பாத்துட்டுப் போயிட்டாங்கன்னா அடுத்து எப்ப வருவாங்க? நாய் என்ன, பூன என்ன, போட்டுத் தொலையேன்! ஒனக்கு ஒன் லேப்டாப்பு கெட்டுப் போயிரும்னு பயம்!" லேப்டாப் மேல் உனக்கு இருக்கும் ஆசையை நான் அப்படிக் குத்திக் காட்டியிருக்கக் கூடாது. நீ முகம் சிவந்து போனாய். ஆனால் எழுந்து போகவில்லை. "லேப்டாப்ப விடுங்கம்மா. கார்டு ஒண்ணுதான் இருக்கு. இந்தச் சாமானு உள்ள போயி அத நாசம் பண்ணிருச்சுன்னா, அப்புறம் நல்ல சாமானு கெடச்சாலும் ஒண்ணும் செய்ய முடியாது. பிள்ளைங்க தூங்குதுன்னுதாம்மா நான் பாத்துப் போடணுங்கிறேன்" என்றாய். தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்பு வேலை முடிந்து வந்து, குளிருக்குத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த உன் அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். "ஈரக் கட்டைய அடுப்புல போட்டா மொத்தத் தூளும் பொகை வாடை அடிக்கும். நான் தட்டிப் பாக்காம ஒரு கட்டையும் போடுறதில்ல. அவனும் தட்டிப் பாக்கட்டும், விடு" என்றார். அத்தோடு நான் கத்துவதை விட்டுவிட்டு, கார்டை ஒரு டப்பாவில் போட்டு மூடினேன்.

புதன்கிழமை நான் லீவு போட்டுவிட்டு உன்னோடு கடைக்கு வந்தேன். கியா பார்ம் பக்கம் வழக்கம்போல் ஸ்ட்ராபெரி வாங்க வந்த கார்கள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. உன் மோட்டாருக்குப் பின்னால் உட்கார்ந்து, கார்டு இருந்த டப்பாவைச் சட்டைக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். உன் கடை முதலாளி தவுக்கே விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கடையின் மூலையில் கிடந்த ஒரு பழைய கணினியைத் துடைத்துக் கொடுத்தார். அதற்குள் யாருடைய சாமானும் இல்லை, கெட்டுப் போனாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை என்று நீ எனக்கு விளக்கினாய். அதில் நீ உடனே எதையும் போட்டுவிடவில்லை. பக்கத்துக் கணினியில் உட்கார்ந்து தேட ஆரம்பித்தாய்.

நீ எப்படித் தேடினாய் என்பதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன். அழிந்த படங்களை மீட்கும் மென்பொருள் என்று போட்டதும் திரை நிறைய வந்து விழுந்தது. முதலில் வந்தவை விளம்பரங்கள். அதில் ஒன்றைக் காட்டி, பிரபலமான ஒரு பெயரில் ஒரே ஒரு எழுத்தை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள் பாருங்கள் என்றாய். நான் இரண்டு தடவை பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. மாமா அனுப்பியதன் முகவரியையும், அதை இறக்காமலே, பல காவல் மென்பொருள்கள் சேர்ந்து சோதிக்கிற ஒரு தளத்துக்குக் கொடுத்தாய். வரிசை வரிசையாகச் சிவப்பு வந்தது. "பாத்தீங்களா" என்று நீ சொல்லவில்லை. "செவப்பு வந்தா தொடக் கூடாதும்மா. ஆனா செவப்பு வரலைங்கிறதுக்காக நல்லதுன்னும் நம்பிரக் கூடாது" என்று மட்டும் சொன்னாய். பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுத்தாய். அதைச் செய்தவர்கள் யார், எத்தனை காலமாகச் செய்கிறார்கள், அதைப் பயன்படுத்தியவர்கள் என்ன புகார் சொல்லியிருக்கிறார்கள், அந்தப் புகாருக்குப் பதில் வந்ததா என்று ஒவ்வொன்றாகப் படித்தாய். பாராட்டை நீ படிக்கவே இல்லை. ஏன் என்று கேட்டேன். "பாராட்ட யாரு வேணும்னாலும் எழுதிப் போடலாம். கொறை சொல்றவன்தான் நெசமாப் போட்டுப் பாத்தவன்" என்றாய்.

செய்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே அதை இறக்கினாய். அதில் செய்தவரின் கையொப்பம் இருக்கிறதா என்று பார்த்தாய். அப்புறமும் நிறுத்தவில்லை. வழியில் யாரும் கை வைத்திருந்தால் தெரிந்துவிடும் என்று சொல்லி, கைரேகை மாதிரி ஒரு நீளமான எண்ணும் எழுத்தும் கலந்த வரியைக் காட்டினாய். செய்தவர்கள் தங்கள் தளத்தில் போட்டிருக்கும் வரியும், நாம் இறக்கிய கோப்பின் வரியும் ஒன்றாக இருக்க வேண்டும். கணினியே அதை ஒப்பிட்டுவிடும் என்று எனக்கு இப்போது தெரியும். ஆனால் அன்று நீ அதை என்னிடம் கொடுத்தாய். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றதை நீ பார்த்திருக்க வேண்டும். "நீங்க அங்க உள்ளதப் படிங்க, நான் இங்க பாக்குறேன்" என்றாய். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு "ஏழு, ஏ, மூணு, மூணு, எப்" என்று சத்தமாகப் படிக்க, நீ "ம், ம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாய். கடைக்கு வந்த ஆட்கள் எல்லாம் ஏதோ பரீட்சை நடக்கிறது என்று நின்று பார்த்தார்கள். கடைசி எழுத்துக்கும் நீ "ம்" சொன்னதும், ஏனோ எனக்குச் சாமி கும்பிட்டு எழுந்த மாதிரி இருந்தது. பயம் பாதி இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகும், மென்பொருளைப் போடும்போது, கூடவே இன்னொன்றையும் போடட்டுமா என்று அது கேட்ட இடத்தில் வேண்டாம் என்று குறித்தாய். பழைய கணினியின் இணைய வயரைப் பிடுங்கி வைத்தாய். கார்டை நேராகத் தோண்டாமல், முதலில் அதில் உள்ளதை அப்படியே இன்னொரு டிஸ்கில் பிரதி எடுத்துவிட்டு, கார்டைக் கழற்றி டப்பாவில் போட்டு என்னிடமே கொடுத்துவிட்டாய். வேலை எல்லாம் பிரதியில்தான். திரையில் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்து கொண்டிருந்தது. நான் நாற்காலியிலிருந்து எழுவதும் உட்காருவதுமாக இருந்தேன். தவுக்கே எனக்கு ஒரு கோப்பை கோப்பி கொண்டு வந்து வைத்து, "சாபார் லா, காக்" என்றார். பொறுமையாக இருங்கள் அக்கா என்று. "இந்தப் பையன் மெதுவாகத்தான் செய்வான். ஆனால் இவன் செய்து கொடுத்ததை நான் மறுபடி சரிபார்த்ததே கிடையாது" என்று மலாயில் சொன்னார். நீ காதில் விழாதது மாதிரி இருந்தாய். காது மட்டும் சிவந்திருந்தது.

படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்றிரண்டு பாதிக்குக் கீழே சாம்பல் பூசின மாதிரி இருந்தன. நான் பதற்றத்தில் எடுத்த அந்த வாசல் படங்கள் அவற்றின் மேல் ஏறிவிட்டன என்றாய். ஆனால் மற்றவை முழுசாக இருந்தன. செடிகளுக்கு நடுவே ஈர மண், அதில் கறுப்பாக ஒரு பிளவு, குறுக்கே மஞ்சள் அடிக்கோல். நீ ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளத் தள்ள, பிளவு எங்கள் கண் முன்னால் அகலமானது. அது வரைக்கும் நானே கூட அதை அப்படிச் சேர்த்துப் பார்த்ததில்லை. வாரம் ஒன்று பார்த்தபோது பழகிப் போயிருந்தது. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "அம்மா, இது நெனச்சத விட மோசமா இருக்கு."

வியாழக்கிழமை வந்த எஞ்சினியர் ஒரு மலாய்க்காரப் பெண். கித்தானைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, மண் நிரப்பியது நல்லதுதான் என்று சொல்லி அடுத்த சரிவுக்குப் போகத் திரும்பினார். மேனேஜர் உன்னைக் கூப்பிட்டார். நீ உன் லேப்டாப்பைத் திறந்து படங்களைக் காட்டினாய். அவர் நடந்துகொண்டே பார்க்க ஆரம்பித்தவர், நின்றுவிட்டார். திரும்ப முதலிலிருந்து காட்டச் சொன்னார். யார் எடுத்தது என்று மலாயில் கேட்டார். நான் பள்ளிப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினேன். "இன்றைக்கே பிள்ளைகளை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். சுவர் கட்டுவது, கால்வாய் வெட்டுவது எல்லாம் பிறகு பேசுவோம்" என்று மேனேஜரிடம் சொன்னார். அன்று மத்தியானமே தொட்டில் சேலைகள், சட்டி பானை, பாய், பால் டின் எல்லாவற்றையும் கோயில் மண்டபத்துக்குச் சுமந்தோம். கங்காணியே ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் வாளியுமாக நடந்தார்.

சேகர் மாமாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான், அவனே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். அந்த ஓசிச் சாமானைத் தன் மகளின் லேப்டாப்பில் அவன் போட்டுப் பார்த்திருக்கிறான். சில நாள் கழித்து அதில் இருந்த எல்லாக் கோப்புகளுக்கும் பூட்டு விழுந்துவிட்டது. பிள்ளையின் பள்ளிப் பாடம், குடும்பப் படம் எதுவும் திறக்கவில்லை. லேப்டாப்பைத் துணியில் சுற்றிக்கொண்டு உன்னிடம் வந்து, "மாப்ள, நாயக் கட்டிப் போட்டுட்டேன்லா" என்றான். நீ சிரிக்கவும் இல்லை, அறிவுரை சொல்லவும் இல்லை. முதலில் அவனுடைய வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் எல்லாவற்றின் கடவுச்சொல்லையும் வேறு கைப்பேசியில் மாற்ற வைத்தாய். பிறகு லேப்டாப்பை முழுவதும் துடைத்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தாய். உள்ளே இருந்ததை மீட்க உன்னால் முடியவில்லை. முடியவில்லை என்பதை அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து நீயே சொன்னாய். தெரியாததைத் தெரியும் என்று சொல்லி யாருக்கும் நீ ஆசை காட்டியதில்லை. அன்று அவள் அழுது முடிக்கும் வரை நீ அங்கேயே இருந்தாய்.

அதற்குப் பிறகு வந்த அந்த மழை நாள். கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். மேலே எங்கோ லோரி கல்லைக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, பிறகு தரை லேசாக அதிர்ந்தது. கையில் இருந்த சோற்றோடு எழுந்து நின்றேன். பிள்ளைகளை உதவிக்கு இருந்த பெண்ணிடம் விட்டுவிட்டு ஓடினேன். சரிவு இறங்கியிருந்தது. கொட்டகையின் பின்சுவர் இல்லை. தொட்டில்கள் கட்டுகிற உத்தரம் வரைக்கும் மண், அதில் வேரோடு தேயிலைச் செடிகள் நட்டது மாதிரி நின்றுகொண்டிருந்தன. அப்போது மேலேயிருந்து வசந்தி ஓடி வந்தாள். கைப்பிள்ளைக்காரி, பின்சுவரை ஒட்டின தொட்டிலில்தான் அவள் பிள்ளையை எப்போதும் போடுவோம். கூடை முதுகில் இருக்க, செருப்பில்லாமல், நேராக அந்த மண்ணைப் பார்த்து ஓடினாள். கொட்டகை மாறின விஷயம் அந்த நேரத்தில் அவளுக்கு மறந்தே போய்விட்டது. அன்று காலை அவளே தன் கையால் பிள்ளையைக் கோயிலில் கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தாள், அதுவும் மறந்துவிட்டது. வெறுங்கையால் மண்ணைப் பறித்தாள். நான் அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்து இழுத்து, "கோயில்ல இருக்குடி! மண்டபத்துல இருக்கு! சோறு திங்குதுடி ஒம் பிள்ள!" என்று காதுக்குள் கத்தினேன். அவளுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் என் மேலேயே சாய்ந்து சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். நானும் அவளோடு உட்கார்ந்துவிட்டேன்.

செய்தி கேட்டு நீ கடையிலிருந்து வந்தாய். லயத்து ஆட்கள் எல்லாம் உன்னைக் கட்டிப் பிடித்தார்கள், சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நீ தலையைக் குனிந்துகொண்டு, "அம்மாதான் படம் எடுத்தாங்க" என்று சொல்லிவிட்டு நழுவினாய். உன்னைக் காணோமே என்று தேடிக்கொண்டு வந்தேன். கோயில் மண்டபத்தின் பின்பக்கம், மழையில், டார்ச்சை அடித்து அங்கே இருக்கிற சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றாய். எல்லோரும் நடந்து முடிந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பிள்ளைகள் இப்போது இருக்கும் இடம் பத்திரமா என்று பார்க்க உனக்கு ஒருவனுக்குத்தான் தோன்றியது. அந்த இடத்தில் நின்றுதான், கதிர், உன்னைப் பெற்றதற்காக நான் மனசு நிறைந்து நின்றேன். பரீட்சையில் தேறிய அன்றும், முதல் சம்பளத்தை என் கையில் கொடுத்த அன்றும் சந்தோஷப்பட்டிருக்கிறேன். இது வேறு.

கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் இந்த மலையில் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். அது பெரிய விஷயம் இல்லை. பெற்ற தாய் அழுகிறாள், மாமா அவசரப்படுத்துகிறார், நேரம் போய்க்கொண்டிருக்கிறது. அத்தனைக்கும் நடுவில் யார் மீதும் கோபப்படாமல், யாருக்கும் பணியாமல், இன்னும் பார்க்கவில்லை, பார்த்துவிட்டுச் செய்கிறேன் என்று ஒரு பிள்ளையால் சொல்ல முடிகிறதே, அதுதான் எனக்குப் பெரிது. அதை நானோ உன் அப்பாவோ சொல்லிக் கொடுத்த ஞாபகம் இல்லை. நீயாகத் தேடிக்கொண்டது.

இப்போது ஆஸ்பத்திரிக்குப் போகிறாய். அங்கே இருக்கிற கணினிகளில் இருப்பது யாரோ ஒருவருடைய ரத்தப் பரிசோதனை, யாரோ ஒருவருடைய குழந்தையின் எக்ஸ்ரே. எங்கேயாவது ஒன்று அழிந்துவிட்டால், ஒரு டாக்டரோ ஒரு நர்ஸோ உன் தலைக்கு மேல் நின்றுகொண்டு, ஏதாவது ஒன்றைப் போட்டுச் சீக்கிரம் எடுத்துக் கொடு என்று கத்துவார்கள். உன்னைப் பயந்தவன் என்றும் சொல்வார்கள். அவர்கள் மேல் வருத்தம் வைத்துக்கொள்ளாதே, ஐயா. கத்துகிறவருக்குப் பின்னால் ஒரு படுக்கையில் யாரோ இருப்பார்கள். அந்தப் பயத்தில்தான் கத்துவார்கள். அவர்களுக்கும் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஏதாவது ஒரு வரியைப் படிக்கக் கொடு. அவர்கள் படித்து முடிக்கட்டும். நீ பார்க்க வேண்டியதை எல்லாம் பார்.